போர்ச் சரித்திரமும் லயத்துக் காம்பராவும்

மலையகத்து இளைஞர்கள் போர் நூல்களை விரும்பிப் படிக்கிறார்கள். ஹட்டன் கடைத்தெருவில் வாங்கிய மலிவுப் பதிப்பாயினும் சரி, நுவரெலியா நூலகத்தில் இரவல் பெற்ற பழைய பிரதியாயினும் சரி, கொழும்பில் வேலை பார்க்கும் தமையன் விடுமுறைக்குக் கொண்டுவந்த தடித்த புத்தகமாயினும் சரி, ஸ்டாலின்கிராட் என்றும் நார்மண்டி என்றும் அட்டையிலே எழுதியிருந்தால் அது லயத்துக்கு லயம் கைமாறுகிறது. சரித்திரப் பாடப்புத்தகத்தின் முன் கொட்டாவி விட்ட அதே மாணவன், இந்த நூல்களின் முன் இரவு வெகுநேரம் விழித்திருக்கிறான்.

இந்த ஆர்வத்தின்மீது நமது ஆசிரியர் அறைகளில் இரண்டு தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. ஒன்று பண்டிதரின் தீர்ப்பு: இவை சந்தைச் சரக்கு, சுவைக்காக எழுதப்பட்ட கதைப்பு, இவற்றைப் படிப்பது சரித்திரம் படிப்பதாகாது என்பது. மற்றது நடைமுறைவாதியின் தீர்ப்பு: வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும் அடித்துக்கொண்ட யுத்தம் தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு, அவன் பரீட்சையில் சித்தியடையும் வழியைப் பார்க்கட்டும் என்பது.

இரண்டு தீர்ப்புகளையும் நாம் நிராகரிக்கிறோம். முதலாவது, வாசகனை அவமதிக்கிறது. இரண்டாவது, சரித்திரத்தையே பொய்யாக்குகிறது. அதேவேளை, கிடைத்ததையெல்லாம் விழுங்கிவிட்டுத் தளபதிகளின் பெயரை ஒப்புவிப்பதே அறிவு என்று எண்ணுவோருடனும் நமக்கு உடன்பாடில்லை. நம் கேள்வி வேறு. அந்த நூல்கள் யாருடைய கண்ணால் யுத்தத்தைப் பார்க்கின்றன? யுத்தம் நடந்தபோது நம் பாட்டனும் பாட்டியும் எங்கே நின்றார்கள்? இந்தக் கேள்விக்கு விடை காணாதவரை, நம் இளைஞன் பிறர் வீட்டுச் சாளரத்தின் வழியாகத் தன் வீட்டை எட்டிப்பார்க்கும் அயலவனாகவே இருப்பான்.

முதலில் பண்டிதருக்குப் பதில் சொல்வோம். எந்த மனிதனும் ஆவணக் காப்பகத்தின் வாசலில் பிறப்பதில்லை. எளிய நடையில், சாதாரண வாசகனை நோக்கி எழுதப்பட்ட நூலின் வழியாகவே பெரும்பாலோர் சரித்திரத்துக்குள் நுழைகிறார்கள். 1937இல் ரங்கூனில் 'ஜோதி' இதழைத் தொடங்கிய வெ. சாமிநாத சர்மா, ஹிட்லரைப் பற்றியும் முசோலினியைப் பற்றியும் தமிழில் நூல்கள் எழுதினார். எந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரையையும் அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. ஐரோப்பாவில் மூண்டுகொண்டிருந்த தீ எத்தகையது என்பதை ஆங்கிலம் அறியாத தமிழ் வாசகனும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அவரது நோக்கம். பின்னர் 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, இலட்சக்கணக்கான இந்தியர்களோடு அவரும் அந்த நாட்டை விட்டு நடந்தே வெளியேறினார். தாம் எழுதிய சரித்திரம் தம் காலடிக்கே வந்துவிட்ட அந்த அனுபவத்தை 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்ற நூலாக நமக்குத் தந்தார். இது சந்தைச் சரக்கா?

இன்னொரு சான்று. 1946 ஆகஸ்ட் 31ஆம் தேதிய 'நியூயார்க்கர்' இதழ், தன் பக்கங்கள் அனைத்தையும் ஜான் ஹெர்சியின் 'ஹிரோஷிமா' என்ற ஒரே கட்டுரைக்கு ஒதுக்கியது. அதிலே தளபதி இல்லை, அமைச்சர் இல்லை, விஞ்ஞானி இல்லை. ஒரு பெண் குமாஸ்தா, ஒரு தையற்காரரின் விதவை, இரு வைத்தியர்கள், இரு கிறிஸ்தவ மதகுருமார்: அணுகுண்டு விழுந்த நகரில் உயிர்பிழைத்த இந்த ஆறு பேரின் கதையே அந்த நூல். பொதுமக்களுக்காக எழுதப்பட்ட அந்தச் சிறு நூல், அணுகுண்டு யார் தலையில் விழுந்தது என்பதைப் பல ஆராய்ச்சித் தொகுதிகள் உணர்த்தாத அளவுக்கு உலகத்துக்கு உணர்த்தியது.

ஆகவே எளிமை குற்றமன்று, விற்பனையாவதும் குற்றமன்று. குற்றம் பார்வையிலே இருக்கிறது. இன்று சந்தையில் குவியும் போர் நூல்களில் கணிசமானவை யுத்தத்தைச் சதுரங்கமாகக் காட்டுகின்றன. ராஜாவும் மந்திரியும் யோசிக்கிறார்கள், காய்கள் நகர்கின்றன, வெட்டுப்பட்ட காய்கள் பலகைக்கு வெளியே வைக்கப்படுகின்றன. அவற்றுக்குப் பெயரில்லை. இவற்றிலும் கீழான வகை ஒன்றுண்டு. ஹிட்லரை விடாமுயற்சிக்கும் பேச்சாற்றலுக்கும் எடுத்துக்காட்டாக்கி, தன்னம்பிக்கை நூல்களின் வரிசையிலே உட்கார வைக்கும் நூல்கள் அவை. அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்றொழித்த ஆட்சியின் தலைவனிடமிருந்து தமிழ் மாணவன் எந்த விடாமுயற்சியைக் கற்கவேண்டும்? இத்தகைய நூலை வகுப்பறையில் காணும் ஆசிரியர் அதைப் பறித்து வைப்பதால் பயனில்லை. அதன் பக்கத்திலே வதைமுகாமிலிருந்து மீண்டவர்களின் வாக்குமூலத்தை வைக்கவேண்டும். பறிக்கப்பட்ட நூல் மறைவில் படிக்கப்படும். பதில் சொல்லப்பட்ட நூலோ தன் வலிமையை இழக்கும்.

நடைமுறைவாதிக்கு நாம் சொல்லும் பதில் இன்னும் நீண்டது. இந்த யுத்தத்துக்கும் தோட்டத்துக்கும் தொடர்பில்லை என்பவரை ஹட்டனிலிருந்து பஸ் ஏற்றிக் கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். அங்கே களனி கங்கையின் கரையில் சில கொங்கிறீற்று அடித்தளங்கள் எஞ்சி நிற்கின்றன. டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்ற திரைப்படத்துக்காக அங்கேதான் பாலம் கட்டப்பட்டது. படப்பிடிப்பின் முடிவில் ரயிலோடு தகர்க்கப்பட்டது. பியேர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் 1952இல் எழுதிய நாவலைத் தழுவிய அந்தப் படம் ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பகுதி அந்தப் படத்தின் வழியாக அறிந்ததே. சுற்றுலாப் பயணிகள் இன்றும் அந்த அடித்தளங்களின் அருகே நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கதையிலே பாலத்தைக் கட்டுபவர் யார்? பிரித்தானியப் போர்க்கைதிகள். ஆணையிடுபவர் யார்? ஜப்பானியர். ஆசியத் தொழிலாளிக்கு அந்தக் கதையில் இடமில்லை. உண்மையோ வேறு. 1942இன் நடுப்பகுதியிலிருந்து 1943 அக்டோபர் வரை, ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளத்துக்குக் காட்டை வெட்டிப் போடப்பட்ட அந்தப் பாதையிலே, அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தத் துயரத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே பாதையிலே வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களின் தொகை அதைப்போல் பன்மடங்கு. பர்மியரும் மலாய்க்காரரும் ஜாவாக்காரரும் தமிழரும் அதில் அடங்குவர். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர். வாந்திபேதியாலும் பட்டினியாலும் மலேரியாவாலும் பல்லாயிரவர் மடிந்தனர். எத்தனை பேர் என்பதற்கு இன்றும் மதிப்பீடுகளே உள்ளன. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ ஏழாயிரம் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளிக்கு அத்தகைய வரிசை கிடையாது.

இந்தத் தொழிலாளர் நமக்கு யார்? மொழியால் உறவு என்று சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது. திருச்சி, சேலம், தஞ்சாவூர் மாவட்டங்களின் அதே கிராமங்களிலிருந்து, அதே வறட்சியாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் விரட்டப்பட்டு, அதே கங்காணி முறையால் திரட்டப்பட்டவர்கள் இவர்கள். மண்டபம் வழியாகக் கடல் கடந்தவர் கண்டிச் சீமைக்கு வந்தார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர் பினாங்குக்குப் போனார். எந்தக் கங்காணி முதலில் ஊருக்குள் வந்தான் என்பதே, பின்னால் யார் சயாம் காட்டில் மடிவது, யார் டிக்கோயா மலையில் கொழுந்து பறிப்பது என்பதைத் தீர்மானித்தது. கித்துல்கலையின் கரையில் திரைப்படத்துக்காகப் பாலம் எழுந்தபோது, அதற்கு மேலே மலைகளில் வாழ்ந்தவர்கள் அந்த மெய்யான பாதையில் மாண்டவர்களின் இனசனத்தார். திரைப்படம் அதை அறியவில்லை. நாமும் நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லவில்லை.

மலாயாவில் நடந்ததற்கும் இலங்கையில் நடந்ததற்கும் உள்ள பொருளாதாரத் தொடர்பைக் கவனியுங்கள். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா ரப்பருக்கு அதுவரை இருந்த சந்தைகள் ஒரே நாளில் அடைபட்டன. தோட்டங்கள் முடங்கின, தொழிலாளி பட்டினி கிடந்தான், ரயில் பாதைக்கு ஆள் பிடிப்பது எளிதாயிற்று. அதே நாளில் இலங்கை ரப்பருக்கு என்ன நேர்ந்தது? நேச நாடுகளின் கையில் எஞ்சிய இயற்கை ரப்பர் மூலங்களில் இலங்கையே முதன்மையானதாயிற்று. மரம் பிழைக்குமா சாகுமா என்று பாராமல், அதை வதைத்துப் பால் முழுவதையும் எடுக்கும்படி ஆணை பிறந்தது. அங்கே தொழிலாளிக்கு வேலை இல்லை, ஆகவே சாவு. இங்கே வேலைக்கு ஓய்வில்லை, ஆகவே சக்கை பிழிவு. சந்தையும் ஏகாதிபத்தியமும் சேர்ந்து ஆடிய ஒரே ஆட்டத்தின் இரு பக்கங்கள் இவை.

தேயிலையோ? 1940 ஜூலையில் பிரித்தானியாவில் தேயிலைப் பங்கீடு தொடங்கியது. தலைக்கு வாரம் 2 அவுன்சு. அந்தப் பங்கீடு முடிவடைந்தது 1952 அக்டோபரில். இலங்கைத் தேயிலையைப் பிரித்தானிய உணவு அமைச்சு மொத்தமாகக் கொள்முதல் செய்தது. குண்டு விழுந்த இரவுகளில் இலண்டன் மக்கள் நிலவறைகளில் அமர்ந்து தேநீர் அருந்தி மனந்தளராதிருந்ததைப் பற்றி ஆங்கில நூல்கள் பக்கம் பக்கமாகப் பெருமைப்படுகின்றன. அந்தத் தேநீரின் கொழுந்தை அட்டை கடிக்கும் மலைச்சரிவில் நின்று பறித்த விரல்களைப் பற்றி அந்தப் பக்கங்களில் ஒரு வரி தேடிப் பாருங்கள்.

பறித்தவள் என்ன உண்டாள்? இலங்கை உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. அரிசிக் கப்பல் நின்றது. கூப்பனும் பங்கீடும் வந்தன. அரிசியின் இடத்தைக் கோதுமை மா பிடித்தது. லயத்து அடுப்பிலே ரொட்டி நிலைத்த உணவானதற்கு யுத்தத்தில் ஒரு வேர் உண்டு என்பதை, காலையில் ரொட்டி தின்று பள்ளிக்கு வரும் எத்தனை மாணவர்கள் அறிவார்கள்? பேர்ள் துறைமுகத்தில் மூழ்கிய கப்பல்களின் பெயரை அவர்கள் அறிவார்கள்.

யுத்தம் மலையகத்தில் எப்போது தொடங்கியது? இலங்கையைப் பற்றிய போர் நூல்கள் 1942 ஏப்ரலில் தொடங்குகின்றன. ஏப்ரல் 4இல் கனடிய விமானி லியனார்ட் பேர்ச்சல் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் குண்டுகள் விழுந்தன. 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. மைக்கேல் டொம்லின்சன் 1976இல் வெளியிட்ட நூல் முதலாகப் பல நூல்கள் இந்த நாட்களை விறுவிறுப்பாகச் சொல்கின்றன. விமானியின் துணிவை நாம் மதிக்கிறோம். ஆயினும் நமது நாட்காட்டி வேறு.

நமது நாட்காட்டியில் யுத்தம் 1940 ஜனவரியில் தொடங்குகிறது. ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளர் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜனவரி 10ஆம் தேதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். ஐரோப்பாவில் யுத்தப் பிரகடனம் செய்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. மேற்குப் போர்முனையில் துப்பாக்கிகள் பெரும்பாலும் மௌனமாக இருந்த மாதம் அது. அங்கே மௌனம் காத்த துப்பாக்கி, சனநாயகத்தைக் காக்கப் புறப்பட்டதாகச் சொன்ன அதே பேரரசின் துப்பாக்கி, முல்லோயாவிலே பேசியது. அந்த ஆண்டு முழுவதும் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் எழுந்தன. ஊவாவிலே வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் போராடினர். ஜூனில் லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் கைதுசெய்யப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளரிடையே அக்கட்சி பரவியது அதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று.

இங்கே நம் தரப்பு நூல்களையும் தட்டிக்கேட்க வேண்டியிருக்கிறது. என். எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் பிலிப் குணவர்த்தனாவும் எட்மண்ட் சமரக்கொடியும் 1942 ஏப்ரல் 7இல் கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து தப்பிய கதை இடதுசாரி நூல்களில் சுவையாகச் சொல்லப்படுகிறது. 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் நாட்டின்மீது படையெடுத்தபின், இது மக்கள் யுத்தம் என்று கம்யூனிஸ்டுகளும், இது ஏகாதிபத்திய யுத்தமே என்று சமசமாஜிகளும் வாதிட்டது விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. இரு தரப்பு நூல்களிலும் கொழுந்து பறிப்பவள் எங்கே நிற்கிறாள்? கூட்டத்தின் கடைசியில், கேட்பவளாக. அவள் அந்த விவாதத்தைப் பற்றி என்ன எண்ணினாள், கூப்பன் அரிசி போதாதபோது என்ன செய்தாள், தன் மகனைப் பொலிஸார் தேடியபோது எங்கே ஒளித்தாள் என்று கேட்டவர் மிகச் சிலர். முதலாளித்துவ நூல் தளபதியைப் பாடுகிறது. நமது நூல் தலைவரைப் பாடுகிறது. பாடலின் மெட்டு மாறவில்லையே!

1944 ஏப்ரலில் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் தில்லியிலிருந்து கண்டிக்கு வந்தது. பேராதனைப் பூங்காவிலே மவுண்ட்பேட்டன் பிரபு அலுவலகம் அமைத்தார். பர்மாவையும் மலாயாவையும் மீட்கும் திட்டங்கள் மகாவலியின் கரையிலே தீட்டப்பட்டன. அந்தப் பூங்காவுக்கு அருகே 1952இல் பல்கலைக்கழகம் வந்தது. பேராதனையில் படிக்கும் நம் மாணவர்கள் அந்த மரநிழல்களில் நடக்கிறார்கள். மலாயாவை மீட்கும் திட்டம் தீட்டப்பட்ட இடம் இது என்று நூல்கள் அவர்களுக்குச் சொல்லும். அந்த மலாயாவில் சாகடிக்கப்பட்டவர்களின் உறவினர் அதே மலைகளின் லயங்களில் வாழ்ந்தனர் என்பதை எந்த நூல் சொல்லும்?

இனி இந்தக் கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். யுத்தம் 1945இல் முடிந்தது. தேயிலையும் ரப்பரும் தந்த தொழிலாளிக்குக் கிடைத்த பரிசு என்ன? 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் அவனது வாக்கைப் பறித்தது. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் இவ்வாறு அரசியலிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரைத் தேர்ந்தெடுத்த மக்கள், அடுத்த தேர்தலில் வாக்காளர் பட்டியலில் தம் பெயரைக் காணவில்லை.

அதே 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. குடியுரிமை கோருபவர் 1946 ஜனவரி 1க்கு முற்பட்ட காலத்தில் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்ததை நிரூபிக்கவேண்டும்: மணமானவர் 7 ஆண்டுகள், மணமாகாதவர் 10 ஆண்டுகள். பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்பட்டு நாட்டில் இல்லாதிருந்தால் தொடர்ச்சி அறுந்தது.

ஆசிரியர்களே, மாணவர்களே, இந்தத் தேதிகளைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். 1946 ஜனவரி 1இலிருந்து ஏழு ஆண்டுகள் பின்னோக்கினால் 1939 ஜனவரி 1. மணமான தொழிலாளி தான் எங்கே இருந்தான் என்று நிரூபிக்கவேண்டிய அந்த ஏழு ஆண்டுகளுக்குள் யுத்தத்தின் ஆறு ஆண்டுகளும் அப்படியே அடங்கிவிடுகின்றன! 1939 ஆகஸ்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதைத் தடைசெய்தது. தாயின் இழவுக்கு ஊர் சென்றவன் திரும்புவதே பெரும்பாடு. 1942இல் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பீதியில் எத்தனையோ குடும்பங்கள் கலைந்தன. அந்தக் குழப்பத்தின் ஒவ்வொரு ஆண்டுக்கும் எழுத்துச் சான்று கொண்டுவா என்று, எழுதப் படிக்கக் கற்பிக்கப்படாதவனிடம் அரசு கேட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றின் வழியாகக் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோரின் தலைவிதியை 1964 அக்டோபர் 30இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். இந்தக் கணக்கின் கடைசி மிச்சத்தைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது நடைமுறைவாதியைக் கேட்கிறோம். யுத்த கால வரலாறு தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு என்றீர்களே, அவனுடைய பாட்டன் நாடற்றவனாக்கப்பட்டதே அந்த வரலாற்றை எழுத்தில் நிரூபிக்க இயலாமற் போனதால் அல்லவா? மற்றவர்க்கு யுத்தச் சரித்திரம் பொழுதுபோக்காக இருக்கலாம். நமக்கு அது பறிபோன உரிமையின் சான்றுப் பத்திரம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1983 முதல் 2009 வரை இந்த நாட்டிலேயே நடந்த யுத்தத்தைப் பற்றி வகுப்பறையில் வாய்திறக்க ஆசிரியரும் தயங்குகிறார், மாணவரும் தயங்குகிறார். ஸ்டாலின்கிராட்டைப் பற்றிப் பேசினால் எவரும் பெயரையும் முகவரியையும் கேட்கமாட்டார்கள். நம் இளைஞர் தூரத்து யுத்தங்களை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்காக அவர்களைக் கோழைகள் என்று ஏசுவது அநியாயம். தூரத்து யுத்தத்தில் சரியான கேள்வியைக் கேட்கப் பழகியவனே, அண்மை யுத்தத்திலும் நாளை அதே கேள்வியைக் கேட்பான்.

சரியான கேள்விகள் எவை? கையிலெடுக்கும் ஒவ்வொரு போர் நூலிடமும் ஐந்தைக் கேளுங்கள். இந்தப் படைக்குச் சோறு எங்கிருந்து வந்தது? இந்தப் பாதையை வெட்டியவர் யார்? இந்த யுத்தத்தில் எந்தப் பண்டத்தின் விலை ஏறியது, அந்த இலாபம் யார் பையில் விழுந்தது? யாருடைய பெயர் கல்லில் பொறிக்கப்பட்டது, யாருடைய பெயர் பொறிக்கப்படவில்லை? யுத்தம் முடிந்தபின் யாருக்கு நாடு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? இந்த ஐந்து கேள்விகளோடு படிப்பவனுக்கு மலிவுப் பதிப்பும் கல்விக்கூடமாகும். இவை இல்லாதவனுக்கு ஆயிரம் அடிக்குறிப்புக் கொண்ட ஆராய்ச்சி நூலும் வெறும் சதுரங்கமே.

கேட்டால் மட்டும் போதாது, எழுதவும் வேண்டும். செஞ்சேனையில் போரிட்ட பெண்களைத் தேடித் தேடிச் சந்தித்து, அவர்கள் வாய்மொழியாகவே ஒரு யுத்தத்தை எழுதினார் ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச். 1985இல் வெளிவந்த அந்த நூலும் அதைத் தொடர்ந்தவையும் 2015இல் அவருக்கு நோபெல் பரிசைத் தேடித்தந்தன. அமெரிக்காவின் ஸ்டட்ஸ் டேர்க்கல், சிப்பாயையும் ஆலைத் தொழிலாளியையும் பேசவைத்து 1984இல் ஒரு யுத்த வரலாற்றைத் தொகுத்தார். நம்மிடையேயும் வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. கூலிப்படையென்று இகழப்பட்டோரின் கதையைச் சி. வி. வேலுப்பிள்ளை 'நாடற்றவர் கதை' என்று எழுதினார். அவர்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டினார். கோ. நடேசய்யரின் வாழ்வைச் சாரல்நாடன் நூலாக்கினார். இவர்கள் தம் மக்களுக்காக, தம் மக்களுக்கு விளங்கும் தமிழில் எழுதினார்கள். மலையகத்தின் யுத்த ஆண்டுகளுக்கும் அத்தகைய நூலொன்று வேண்டும்: விறுவிறுப்பாக, விலை மலிவாக, உண்மையாக.

அந்த நூலின் மூலங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. 1942இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவள் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டாள். அவளுக்குக் கூப்பன் அரிசி நினைவிருக்கும். துரை பிரட்டுக்களத்தில் நின்று சொன்ன சேதி நினைவிருக்கும். ஊர் சென்று திரும்பாத சிற்றப்பன் நினைவிருப்பான். செக்ரோல் புத்தகங்களைத் தோட்டத்து அலுவலகங்களில் கறையான் அரிக்கிறது. பற்றுச்சீட்டும் விண்ணப்பப் பிரதியும் தகரப்பெட்டியின் அடியில் நைந்துகொண்டிருக்கின்றன. கொழும்பிலே தேசிய சுவடிக்கூடம் இருக்கிறது; அதன் கதவைத் தட்டும் மலையக மாணவன் எத்தனை பேர்?

ஆசிரியர்கள் இதை இந்த ஆண்டிலேயே தொடங்கலாம். பத்து மாணவரை அழையுங்கள். ஒவ்வொருவரும் தம் தோட்டத்தில் மிக மூத்தவர் ஒருவரிடம் சென்று, யுத்த காலத்தில் என்ன உண்டீர்கள், என்ன சம்பளம், யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிவரட்டும். தேதி தவறினால் தவறட்டும். பிறகு ஆவணத்தோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். ஆவணம் என்றும் காத்திருக்கும் என்பதற்கில்லை. ஆள் காத்திருக்கவே மாட்டார். பத்து மாணவரின் பத்துக் குறிப்பேடுகள் ஒரு நூலின் முதல் அத்தியாயம்.

போர் நூலைக் கையில் வைத்திருக்கும் இளைஞனைக் கண்டு முகஞ்சுளிக்கும் தோழர்களுக்கு இறுதியாக ஒரு சொல். அவன் தேடுவது வீண் ஆரவாரமன்று. உலகம் பெரிதாக அசைந்த ஒரு காலத்தில் மனிதர் எப்படி வாழ்ந்தார், எப்படிச் செத்தார் என்று அறிய விரும்புகிறான். அந்த விருப்பம் நல்லது. அதற்குச் சந்தை தளபதிகளைத் தருகிறது. நாம் அவனுடைய சொந்தப் பாட்டியைத் தரவேண்டும். அவள் கதையை நாம் எழுதாவிட்டால், 1949இல் அரசு கேட்ட அதே சான்றை நாளை எவரேனும் மீண்டும் கேட்கும்போது, நம் பேரப்பிள்ளைகளும் வெறுங்கையோடு நிற்பார்கள்.